15 வெற்றி, 10 தோல்வி: ஸ்விஃப்ட் ட்ரோன் கட்டுரையைப் படித்தபோது

2023 ஆகஸ்ட் கடைசி. என் மாமா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். ட்ரோன் ரேஸில் உலக சாம்பியன்களைச் செயற்கை நுண்ணறிவு தோற்கடித்துவிட்டது என்று தலைப்பு. அதுக்குக் கீழே அவன் எழுதியிருந்தது ஒரே வரி: “மச்சான், உன் விளையாட்டையும் மெஷின் எடுத்துக்கிச்சு. இனி ரிமோட்டை வித்துடு.”

கிண்டல்தான். ஆனாலும் சுருக்கென்று இருந்தது. அப்போது நான் ரேசிங் ட்ரோன் கட்டி ஓட்ட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு, ஞாயிற்றுக்கிழமைக் காலைகள், சால்டரிங் அயர்னில் சுட்டுக்கொண்ட விரல்கள் எல்லாம் போட்டு நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட ஒன்றை, ஒரு கணினி 50 நிமிடத்தில் கற்றுக்கொண்டதாம். அந்த 50 நிமிடம்தான் எனக்கு உறைத்தது. ஒரு மாதம் கோகிள்ஸைத் தொடவே இல்லை.

அப்புறம் செய்திகளை விட்டுவிட்டு மூலக் கட்டுரையையே எடுத்துப் படித்தேன். 2023 ஆகஸ்ட் 30 அன்று நேச்சர் இதழில் வந்தது. முதல் ஆசிரியர் எலியா காஃப்மன். ஜூரிச் பல்கலைக்கழகத்தில் டேவிடே ஸ்காரமுஸா நடத்தும் ஆய்வுக்குழுவின் வேலை. இதுவரை நாலு தடவை படித்திருப்பேன். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கட்டுரையின் பலம் அதன் வழிமுறை, பலவீனம் அந்தப் பந்தயம். செய்திகள் பந்தயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வழிமுறையை விட்டுவிட்டன. நானும் அதை நம்பித்தான் ஒரு மாதம் சும்மா இருந்தேன்.

விளையாட்டு என்னவென்றால்

ரேசிங் ட்ரோன் என்பது கல்யாண வீட்டில் மேலே நின்று வீடியோ எடுக்கிறதே, அந்த வகை இல்லை. அதில் கையை எடுத்தால் ட்ரோன் அந்தரத்தில் அப்படியே நிற்கும். ஜிபிஎஸ்ஸும் மற்ற சென்சார்களும் பார்த்துக்கொள்ளும். ரேசிங் ட்ரோனில் ஸ்டிக்கை விட்டால், எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் போய்க்கொண்டே இருக்கும், எதன் மேலாவது மோதுகிற வரை. நாலு மோட்டார், ஐந்து அங்குல பிராப், கார்பன் ஃபைபர் பிரேம், ஒரு ஃப்ளைட் கண்ட்ரோலர், முன்னால் ஒரு சின்ன கேமரா. பெரும்பாலும் தனித்தனியாக வாங்கி நாமே சால்டர் பண்ணிக் கட்டுவதுதான். கேமரா பார்ப்பது கோகிள்ஸ் வழியாக நம் கண்ணுக்கு வரும். வழியில் வைத்திருக்கும் கேட்டுகளை வரிசை மாறாமல் தாண்டி யார் முதலில் வருகிறார்களோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் விதி.

ஸ்விஃப்ட் என்று பெயரிட்ட அந்தக் கணினி ஓட்டுநருக்கு வைத்த தடத்தில் ஏழு சதுர கேட்டுகள். ஒரு சுற்று 75 மீட்டர், பந்தயத்துக்கு மூன்று சுற்று. 2022 ஜூனில் போட்டி நடந்தது. எதிரே மூன்று பேர்: டிஆர்எல் அமைப்பின் 2019 உலக சாம்பியன் அலெக்ஸ் வனோவர், மல்டிஜிபி அமைப்பின் 2019 சர்வதேசப் போட்டியில் வென்ற தாமஸ் பிட்மட்டா, மூன்று முறை சுவிட்சர்லாந்து சாம்பியனான மார்வின் ஷேப்பர். மூவருக்கும் அந்தத் தடத்தில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். மனிதர் ஓட்டியதும் ஸ்விஃப்ட் ஓட்டியதும் ஒரே எடை, ஒரே உந்துவிசை. ஸ்விஃப்ட் எந்த வெளிக் கணினியின் உதவியும் இல்லாமல், தன் மேல் இருந்த கேமராவையும் சிப்பையும் மட்டும் வைத்துப் பறந்தது. இது சாதாரண விஷயமில்லை. அதற்கு முந்தைய தானியங்கி ரேஸ் ட்ரோன்கள் பல, அரங்கின் சுவரெங்கும் மாட்டிய கேமராக்கள் இடத்தைச் சொல்லச் சொல்லத்தான் பறந்தன.

25 பந்தயம்

முடிவு: 25 பந்தயங்களில் ஸ்விஃப்டுக்கு 15. வனோவருடன் 9-இல் 5, பிட்மட்டாவுடன் 7-இல் 4, ஷேப்பருடன் 9-இல் 6.

இந்த எண்களைச் செய்திகள் சொன்னபோது தோற்கடித்தது என்ற வினைச்சொல்தான் காதில் விழுந்தது. ஆனால் ஒரு நாணயத்தை எடுத்து 25 தடவை பூவா தலையா போட்டுப் பாருங்க. 15 அல்லது அதற்கு மேல் தலை விழ சுமார் 21 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தாலும், ஐந்தில் ஒரு தடவை இப்படி ஒரு முடிவு தானாகவே வரும். இரண்டு முன்னாள் சாம்பியன்களுடன் ஆளுக்கு ஒரே ஒரு பந்தயம்தான் வித்தியாசம். கிரிக்கெட்டில் தொடரை 4-3 என்று ஜெயித்த அணியை எதிரணியை நசுக்கிவிட்டது என்று எழுதுவோமா?

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நானும் செய்திக்காரர்கள் செய்ததையே மறுபக்கத்தில் செய்தவனாவேன். ஸ்விஃப்ட் தோற்ற 10 பந்தயங்களையும் கட்டுரை பிரித்துக் காட்டுகிறது. 4-இல் எதிராளியின் ட்ரோனோடு மோதல். 4-இல் கேட்டில் மோதல். வேகம் போதாமல் தோற்றது 2-இல் மட்டும்தான். பதிவானதிலேயே மிகக் குறைந்த பந்தய நேரமும் அதனுடையதே; மனிதரில் சிறந்த நேரத்தைவிட அரை வினாடி குறைவு. ஆக, மோதாமல் முடித்தால் கிட்டத்தட்ட எப்போதும் அதுதான் முந்துகிறது. வேகத்தில் அது முந்திவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பந்தயத்தில் முந்திவிட்டதா என்பது வேறு கேள்வி. பந்தயம் என்பது வேகமும், மோதாமல் இருப்பதும், பக்கத்தில் வருகிறவனைக் கவனிப்பதும் சேர்ந்தது.

இந்த மூன்றாவது விஷயத்தைக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. முன்னால் இருக்கும் மனித ஓட்டுநர் கொஞ்சம் நிதானமாக ஓட்டுவார். பின்னால் இருப்பவர் துணிந்து ஓட்டுவார். ஸ்விஃப்டுக்கு எதிராளி என்று ஒருவர் இருப்பதே தெரியாது. எப்போதும் ஒரே வேகம். அப்படியானால் அது ஓட்டியது பந்தயம்தானா? பக்கத்தில் இன்னொருவர் பறக்கும்போது அது தன் நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. எதிராளியோடு மோதிய அந்த நாலு பந்தயங்களையும் நான் இப்படித்தான் படிக்கிறேன்.

220 மில்லி வினாடி

மனிதருக்கும் மெஷினுக்கும் உள்ள வேறுபாடுகளில் எல்லாரும் முதலில் சொல்வது இது: கண்ணில் பட்டது கட்டளையாக மாற ஸ்விஃப்டுக்கு 40 மில்லி வினாடி, தேர்ந்த மனித ஓட்டுநருக்குச் சராசரியாக 220. மணிக்கு 72 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் ஸ்விஃப்ட் 80 செ.மீ. நகரும், நாம் 4.4 மீட்டர் நகர்வோம். இதோடு ஸ்விஃப்டுக்கு முடுக்கமானியின் அளவீடும் கிடைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ட்ரோன் உலுக்குவது உடம்பில் தெரியாது. மறுபக்கம், ஸ்விஃப்டின் கேமரா வினாடிக்கு 30 படம், மனிதருடையது 120. கட்டுரை இவை எல்லாவற்றையும் மறைக்காமல் பட்டியல் போடுகிறது. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

ஆனால் 220-ஐ வெறும் குறைபாடாக எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆரம்பத்தில் நான் கேட்டுகளில் மோதிக்கொண்டே இருந்தேன். இடது தூண், வலது தூண், மாறி மாறி. என்னோடு பறக்கும் ஒரு அண்ணன் ஒருநாள் என் வீடியோவைத் தன் கோகிள்ஸில் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ தாண்டுற கேட்டையே பாக்குற. அது முடிஞ்சு போன விஷயம். அடுத்ததைப் பாரு.” அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மோதல் பாதியாகக் குறைந்தது. என் கை வேகமாகவில்லை. பார்வை முன்னால் போனது, அவ்வளவுதான். ஸ்காரமுஸா குழுவே 2021-இல் மனித ஓட்டுநர்களின் கண் அசைவை அளந்து ஒரு ஆய்வு வெளியிட்டது. ஓட்டுநர்கள் கேட்டைத் தாண்டுவதற்குச் சுமார் ஒன்றரை வினாடி முன்பே பார்வையை அதன் மேல் வைத்துவிடுகிறார்கள் என்று அதில் வருகிறது. ஒன்றரை வினாடி முன்னால் பார்க்கிறவருக்கு 220 மில்லி வினாடி தாமதம் பெரிய ஊனமில்லை.

இப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஸ்விஃப்ட் கற்றது வலுவூட்டல் கற்றல் முறையில்: சரியாகச் செய்தால் மதிப்பெண், மோதினால் கழிவு. எதற்கெல்லாம் மதிப்பெண் என்று பின்னிணைப்பில் தேடினேன். அடுத்த கேட்டை நெருங்கினால் மதிப்பெண். கூடவே, கேமரா அடுத்த கேட்டின் நடுவை நோக்கித் திரும்பியிருந்தால் தனி மதிப்பெண்!

அந்த அண்ணன் சொன்ன அதே வார்த்தை. அதை ஒரு சமன்பாடாக எழுதியிருக்கிறார்கள். ஸ்விஃப்ட் தரும் கட்டளைகளும் நாம் ஸ்டிக்கில் தரும் அதே நாலுதான்: மொத்த உந்துவிசை, மூன்று அச்சுகளில் சுழற்சி வேகம். மனிதர் எதையும் சொல்லித் தராமல் மெஷின் தானே ஒன்றுமில்லாததிலிருந்து கண்டுபிடித்தது என்கிற சித்திரம் இங்கே கலைகிறது. இந்த விளையாட்டில் எங்கே பார்க்க வேண்டும், எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் அதை மதிப்பெண்ணாகவும் கட்டளையாகவும் எழுதி வைத்த பிறகுதான் அந்த 50 நிமிடம் தொடங்குகிறது.

மீதி வித்தியாசம்

நானும் சிமுலேட்டரில்தான் கற்றேன். அறுபது மணி நேரம் ஓட்டிவிட்டு, இனி என்ன என்று நினைத்துக்கொண்டு, கோடையில் வற்றிக் கிடந்த ஏரிக்குப் போய் முதல் பேட்டரியை மாட்டினேன். மூன்றாவது திருப்பத்தில் ட்ரோன் கருவேல மரத்தில். சிமுலேட்டரில் அதே திருப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். நிஜத்தில், வேகமாக இறங்கித் திரும்பும்போது தன் பிராப் கலைத்த காற்றுக்குள்ளேயே ட்ரோன் விழுந்து உதறுகிறது. பேட்டரி இறங்க இறங்க அதே த்ராட்டிலுக்குக் குறைவான தூக்கல்தான் வருகிறது. வெயில் கேமராவில் நேராக அடித்தால் கேட்டே தெரியவில்லை. அறுபது மணி நேரத்தில் நான் கற்றதில் தவறு ஒன்றும் இல்லை. நிஜத்துக்கும் அதுக்கும் ஒரு சின்ன வித்தியாசம் மீதி இருந்தது. மரத்தில் ஏறியது அந்த மீதிக்காகத்தான்.

ஸ்விஃப்ட் கட்டுரையின் உண்மையான சாதனை இந்த மீதியைக் கையாண்டதுதான். அதன் மூளை ரொம்பச் சின்னது: அடுக்குக்கு 128 கணு வீதம் இரண்டே அடுக்கு நரம்பு வலை. சிமுலேட்டரில் 10 கோடி அடிகள் ஓடிக் கற்றது. அதற்குத்தான் 50 நிமிடம். பிறகு அதை நிஜத்தில் பறக்கவிட்டு, சிமுலேட்டர் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாகப் பிரித்து அளந்தார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்பதில் வரும் பிழை ஒன்று. கட்டளைக்கு ட்ரோன் எப்படி நகர்கிறது என்பதில் வரும் பிழை இன்னொன்று. அந்த இரண்டு பிழைகளையும் சிமுலேட்டருக்குள்ளேயே ஊற்றி, இன்னும் 2 கோடி அடிகள் பயிற்சி. சில நிஜப் பறத்தல்கள் போதுமாக இருந்தன. மரத்தில் ஏறியதை எழுதி வைத்து, அதைக் கனவில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது மாதிரி.

ஒரே ஒரு அடிக்குறிப்பு போடணும். அந்தப் பிழைகளை அளந்தது அரங்கில் மாட்டிய துல்லியமான நகர்வுப் பதிவுக் கேமராக்களை வைத்து. பந்தயத்தில் ஸ்விஃப்ட் அவற்றைப் பயன்படுத்தவில்லை, சரி. ஆனால் கற்கும்போது இருந்தன. எங்கள் ஏரியில் கருவேல மரம்தான் இருந்தது. அதனால் 50 நிமிடம் என்ற எண் பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை. அந்த 50 நிமிடத்துக்கு முன்னால் ஒரு ஆய்வுக்கூடமும் பல வருட உழைப்பும் இருக்கின்றன.

கட்டுரையில் இல்லாத பாதி

இந்த விளையாட்டை ஆடியவர்களுக்குத் தெரியும், பாதி விளையாட்டு தரையில்தான் நடக்கிறது. என் இரண்டாவது ட்ரோன் நடு ஆகாயத்தில் திடீரென்று செத்து விழுந்தது. மூன்று நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது: பேட்டரி வயர் சேரும் இடத்தில் நான் வைத்த டிரை சால்டர். பார்க்கப் பளபளவென்று இல்லாமல் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் தப்பு. அதற்கப்புறம் ஒவ்வொரு சால்டரையும் இழுத்துப் பார்க்காமல் பேட்டரி மாட்டுவதில்லை.

பந்தயத்திலும் இப்படித்தான். மோதி விழுந்தால் ட்ரோனைக் கவிழ்ந்த நிலையிலிருந்து புரட்டிப் போட ஒரு வசதி உண்டு. டர்ட்டில் மோட் என்போம். புரட்டி, பிராப் ஒடிந்திருந்தாலும் நொண்டிக்கொண்டே கிளம்பி முடிப்பவர்கள் உண்டு. மோதிய பிறகும் ட்ரோன் ஓடும் நிலையில் இருந்தால் மனிதர் தொடர்வார், ஸ்விஃப்டுக்கு அப்படிப் பயிற்சி இல்லை என்று கட்டுரையே சொல்கிறது. வெளிச்சம் மாறினால் அதன் பார்வை தடுமாறலாம் என்பதையும் சொல்கிறது. அதன் தலைப்பும் சாம்பியன் தரத்திலான என்றுதான் இருக்கிறது. மனிதரை மிஞ்சிய என்று இல்லை. அடக்கமான சொல்தான். ஆனால் அந்தச் சாம்பியன்களின் தரம் என்பது எதனாலெல்லாம் ஆனது என்ற கேள்வியைக் கட்டுரை எடுக்கவில்லை. அளக்க முடிந்த துண்டை வெட்டி எடுத்து, அதற்கு முழுசின் பெயரை வைத்துவிட்டது. என் முக்கியமான புகார் இதுதான்.

2025-க்குப் பிறகு

இந்தக் குறிப்பை முன்பே எழுதியிருந்தால் இங்கே முடித்திருப்பேன். ஆனால் 2025 ஏப்ரலில் அபுதாபியில் நடந்த ஏ2ஆர்எல் போட்டியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவின் ட்ரோன் மற்றத் தானியங்கி ட்ரோன்களை வென்றதோடு நிற்காமல், நாக்-அவுட் சுற்றில் டிசிஎல் அமைப்பின் முன்னாள் உலக சாம்பியன்கள் மூவரையும் வென்றது. முன்னோக்கிய ஒரே ஒரு கேமரா, கிட்டத்தட்ட மனித ஓட்டுநருக்கு இருப்பது போலவே. நரம்பு வலை நேராக மோட்டார்களுக்கே கட்டளை தந்தது. மணிக்கு 95.8 கி.மீ. வரை போனது. அதுவும் ஆய்வாளர்கள் தாங்களே அமைத்த அரங்கில் இல்லை, வேறொருவர் நடத்திய போட்டியில்.

ஆக, மேலே நான் சொன்ன ஆட்சேபங்களில் சில ஏற்கெனவே பழசாகிவிட்டன. மிச்சமும் ஒவ்வொன்றாகப் பழசாகும். மெஷினால் இது முடியாது என்ற வாதத்தின் மேல் நம் விளையாட்டைக் கட்டி வைத்தால், வருடா வருடம் வீட்டைக் காலி செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். மெஷின் ஜெயித்ததா என்பதைவிட, எந்தச் சோதனையில் ஜெயித்தது என்று கேட்கிறேன். அடுத்த கட்டுரையில் நான் பார்க்க விரும்புவது இவை:

ஒன்று, இரு தரப்பும் முன்பே பார்க்காத தடம். வந்து இறங்கியதிலிருந்து ஒரு மணி நேரம்தான் இருவருக்கும்.

இரண்டு, 25-க்குப் பதில் 100 பந்தயம். பூவா தலையா சந்தேகம் அப்போது தீரும்.

மூன்று, திறந்தவெளி. மாறுகிற வெயில், மாறுகிற காற்று.

நாலு, மோதினால் ஆட்டம் முடிந்தது என்று இல்லாமல், புரட்டிப் போட்டு மேலே போக அனுமதி.

இந்த நாலிலும் மெஷின் ஜெயித்தால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவேன் என்பது வேறு விஷயம். அந்தக் கட்டுரையைப் படித்து எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ஒன்று உண்டு. இப்போது ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும், ஸ்விஃப்ட் குழு பிரித்த மாதிரியே நானும் நோட்டில் பிரித்து எழுதுகிறேன்: இடத்தைத் தப்பாகக் கணித்தேனா, இல்லை ட்ரோன் நான் நினைத்த மாதிரி நகரவில்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதுக்குப் பார்வையைத் திருத்தணும். இரண்டாவதுக்கு ட்யூனிங்கையோ பேட்டரியையோ பார்க்கணும். ஒன்றரை வருடம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, கை சரியில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மாமா பையனுக்கு இதையெல்லாம் விளக்கவில்லை. “ரிமோட் விக்கிறதா இல்லை. வர்ற ஞாயிறு ஏரிக்கு வா, கேட்டு நட ஆள் வேணும்” என்று மட்டும் பதில் போட்டேன். வந்தான். பிவிசி பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன், ட்ரோன் தலைக்கு இரண்டடி தள்ளிச் சீறிப் போனதும் பைப்பைப் போட்டுவிட்டு ஓடினான்.